பச்சை வயர்

கருத்தம்மாள் அன்றைக்குக் காயப்போட்டிருந்தது மூன்று சேலை, ஒரு பாவாடை, புருஷன் தவசியின் வேட்டி இரண்டு, அலசிப் போட்ட சாக்கு ஒன்று. இவ்வளவு கணக்காகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து பரளச்சி போகிற ரோட்டில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த பெட்ரோல் பங்குக்குப் பின்னால், சாமான் கொட்டகைத் தூணிலிருந்து வேப்பமரம் வரைக்கும் அவள் இழுத்துக் கட்டியிருந்த கொடி சாதாரணக் கொடி இல்லை. பச்சைக் கலர் வயர். நல்ல கனம். வெயிலுக்கு இளகாது, துருப்பிடிக்காது, வெள்ளை வேட்டியில் கறை இறங்காது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு கொடி வாய்த்ததில்லை என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். ஆடிக் காற்றில் சேலைகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

அசாருதீன் வந்து இறங்கியதும் பார்த்தது அதைத்தான்.

பங்குக்குக் கரண்டு வேலை முழுக்க அசாருதீன் பொறுப்பு. அருப்புக்கோட்டைக்காரன். குவைத்தில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டு, போதும்டா சாமி என்று ஊரோடு வந்து இரண்டு வருஷமாகிறது. பத்து நாளைக்கு முன்னால் அவன் பெண்டாட்டி ரிஸ்வானாவுக்கு வலி எடுத்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சௌக்கியம். கையில் பூந்திப் பொட்டலத்தோடு சிரித்த முகமாக வந்தவன், கொடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். என்னடா இது, ஒரு ஆம்பளை, பொம்பளை சேலையை இப்படிக் கண்ணெடுக்காமல் பார்க்கிறானே என்று கருத்தம்மாளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

"மதினி, இந்த வயரு எங்க இருந்துச்சு?" என்று கேட்டான்.

"கொட்டகையிலதான் தம்பி. சுருளாக் கெடந்துச்சு. மிச்ச வயருன்னு அவுக சொன்னாக. சும்மா கெடக்கதுக்குத் துணியாச்சும் காயட்டுமேன்னு கட்டுனேன். வேணும்னா அவுத்துத் தாரேன்."

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தான். துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். அசாருதீன் சத்தம் போட்டு யாரும் கேட்டது கிடையாது. கோபம் வந்தால் கண்ணாடி துடைப்பான். எவ்வளவு நேரம் துடைக்கிறானோ அவ்வளவு கோபம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அன்றைக்கு அந்தக் கண்ணாடி தேய்ந்திருக்கும்.

பங்கு யாருடையது என்று கேட்டால் போர்டில் கருத்தம்மாள் ஏஜென்சி என்றுதான் எழுதியிருக்கிறது. பொம்பளை பேரில் எழுதிப் போட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ தவசியின் காதில் போட, அவரும் எழுதிப் போட, அதிர்ஷ்டமோ என்னவோ கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு கருத்தம்மாளுக்குக் கையெழுத்துப் போடுவதே வேலையாகிப் போனது. கம்பெனி ஆபீஸ், தாலுகா ஆபீஸ், தீயணைப்பு ஆபீஸ் என்று எங்கே போனாலும் பேசுவது தவசி. பேசி முடித்ததும், "ஏ, இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்பார், இவள் போடுவாள். திருச்சுழியில் எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். திறப்பு விழாவுக்கு அடித்த பிளெக்ஸில் தவசியின் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. அவள் படம் மூலையில், ஆதார் கார்டில் இருந்து எடுத்தது.

அதில் எல்லாம் அவளுக்கு வருத்தம் கிடையாது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகள் தங்கலட்சுமி ஊருக்கு வந்து சேர வேண்டும். கட்டிக்கொடுத்த மூன்று மாசத்தில் மருமகன் அய்யப்பனோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனவள். இரண்டு பேரும் ஷிப்டு மாறி மாறிப் பார்த்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கிறார்களாம். இந்தப் பக்கம் கரிசல் காடு பத்து வருஷத்தில் மூன்று வருஷம் விளைந்தால் பெரிய காரியம். பருத்தியையும் கொத்தமல்லியையும் நம்பி மகளை வா என்று எப்படிக் கூப்பிடுவது? பங்கு வந்ததும் கூப்பிட்டுவிட்டாள். தங்கலட்சுமி பெட்ரோல் பம்பில் நிற்பாள், மருமகன் டீசல் பக்கம் பார்த்துக்கொள்வான் என்று பேச்சு. அவர்களும் பனியன் கம்பெனி வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாமான் வண்டி வருகிறது. வியாழக்கிழமை பெட்ரோல் கம்பெனி மேல் அதிகாரி வந்து பங்கைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு.

இனி அசாருதீன் இல்லாத அந்தப் பத்து நாள் கதைக்கு வருவோம்.

ஆபீஸ் அறையில் இருக்கிற கரண்டுப் பெட்டியிலிருந்து பம்பு மேடை வரைக்கும் அறுபது அடி. அந்த அறுபது அடிக்கும் மண்ணுக்கு அடியில் பிளாஸ்டிக் குழாய் பதித்து, அதற்குள் வயர் ஓட வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் வந்ததும் பிளாஸ்டிக் முடிந்து இரும்புக் குழாய் தொடங்கி, வளைந்து, மண்ணுக்கு மேலே பம்புக்குள் ஏற வேண்டும். இதை எல்லாம் நான்தான் செய்வேன், நான் வருகிற வரைக்கும் குழியை மூடாதீர்கள் என்று அசாருதீன் மதுரையில் இருந்து போனில் சொல்லியிருந்தான். ஆனால் கான்கிரீட் கலவை லாரி சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வருவதாகப் போன் வந்துவிட்டது. வேறு எங்கோ வேலை தள்ளிப்போனதாம், நாளைக்கு விட்டால் பத்து நாளாகும் என்றார்கள். தவசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்பது வருஷமாகக் காட்டில் போர் போட்டுக் குழாய் பதிக்கிற மனுஷன், ஒரு அறுபது அடிக் குழாய்க்கு அடுத்தவனுக்காகக் காத்திருப்பாரா? செல்வக்குமாரைக் கூப்பிட்டார். சுற்று வட்டாரத்தில் தோட்டத்துக் குழாய் பதிக்கிறவன், கைச்சுத்தமான வேலைக்காரன். அவனும் வந்து தண்ணீர்க் குழாய் பதிக்கிற மாதிரியே அழகாகப் பதித்து, கொட்டகையில் இருந்த வயரையும் உள்ளே இழுத்துவிட்டான்.

தோட்டத்தில் எப்படி என்றால், மண்ணுக்குள் போகிற வரைக்கும் பிளாஸ்டிக். மேலே வருகிற இடத்தில் வெயிலுக்குப் பிளாஸ்டிக் நொறுங்கும், ஆடு மிதிக்கும் என்று இரும்புக் குழாயைச் சொருகி, சந்தில் சைக்கிள் டியூப்பைச் சுற்றி இறுக்கிவிடுவார்கள். இங்கேயும் அதே டியூப், அதே சுற்று. குழாய் வாயை அடைக்க வேண்டும் என்று அசாருதீன் எப்போதோ சொன்னது தவசிக்கு ஞாபகம் இருந்தது. எலி போகாமல் இருக்கத்தான் சொல்லியிருப்பான் என்று இரண்டு பக்கமும் சிமெண்டைக் குழைத்து நன்றாகத் திணித்துவிட்டார்.

எல்லாம் முடிந்த பிறகு பச்சை வயர் மட்டும் மிஞ்சியது. இது எதுக்குண்ணே என்று செல்வக்குமார் கேட்டிருக்கிறான். எர்த்து வயர் என்று தவசிக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்:

"எர்த்துன்னா மண்ணுதானய்யா? குழாயே மண்ணுக்குள்ள படுத்துக் கெடக்கு. அதுக்கு எதுக்குத் தனியா எர்த்து?"

செல்வக்குமாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கேட்டவர்கள் எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. கருத்தம்மாளுக்குக் கொடி கிடைத்தது. மறுநாள் கான்கிரீட் போட்டு, சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றி, பளிங்கு மாதிரி தளம் ஆகிவிட்டது.

அசாருதீன் ஒரு மணி நேரம் மீட்டரை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தான். மேடையில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயில் ஒரு முனையை வைப்பான், ஆபீஸ் பெட்டியில் மறு முனையை வைப்பான், எண்ணைப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான். மதியம் கருத்தம்மாள் கம்பங்கஞ்சியும் சீனியவரைக்காய் வத்தலும் கொடுத்தாள். ரெண்டு வாய்தான் குடித்தான். அதற்குள் தவசியும் செல்வக்குமாரும் வந்துவிட்டார்கள். சொல்ல வேண்டியதை அசாருதீன் மெதுவாகச் சொன்னான். மேடைப் பக்கம் எட்டடிக்கும் ஆபீஸ் பக்கம் நாலடிக்கும் தளத்தை உடைக்க வேண்டும். இரும்புக் குழாயை அறுத்து எடுத்து, சிமெண்டில் மாட்டிக்கொண்ட வயரை எல்லாம் உருவிப் போட்டு, பச்சை வயரோடு சேர்த்துப் புதிதாக இழுக்க வேண்டும். வியாழக்கிழமைக்குள் முடியாது.

தவசி முதலில் சிரித்தார். விளையாடுகிறான் என்று நினைத்துவிட்டார். பிறகு முகம் மாறியது. ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்தாகிவிட்டது, பரளச்சி முக்கிலும் ரெட்டியபட்டி பஸ் ஸ்டாப்பிலும் பிளெக்ஸ் கட்டியாகிவிட்டது, எட்டு நாள் தண்ணீர் ஊற்றி இறுகின தளத்தை உடைப்பதா, உனக்குப் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் புத்தி பிசகிவிட்டதா என்று ஆரம்பித்தவர், நாற்பது வருஷம், எத்தனை போர், எத்தனை மோட்டார் என்று போய், அரை மணி நேரம் நிறுத்தவில்லை.

அசாருதீன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டான். கடைசியில் சொன்னான்:

"எர்த்துன்னா மண்ணு இல்லண்ணே. பேருதான் அப்படி வச்சுட்டான். கரண்டு எங்க இருந்து வந்துச்சோ அங்கயே திரும்பிப் போறதுக்கு ஒரு வழி. கம்பியில போனா பட்டுனு போயி ஃபியூஸ அடிச்சுரும். மண்ணு வழியாப் போனா நொண்டி நொண்டித்தான் போகும். ஃபியூஸு போகாது. பம்பு ஒடம்புல கரண்டு நிக்கும். கை வைக்கிறவுகள அடிக்கும். அது கூடப் பரவாயில்ல, தப்பிச்சுக்கலாம். ஒரு பொறி விழுந்தா, அங்க இருக்கறது பூராம் பெட்ரோல் ஆவி."

சிமெண்டு அடைப்பும் உதவாது என்றான். அடைக்கச் சொன்னது எலிக்கு இல்லையாம். பெட்ரோல் ஆவி கனம், தரையோடு தவழுமாம். குழாய்க்குள் புகுந்து அறுபது அடி நடந்து ஆபீஸ் பெட்டிக்கே வந்துவிடுமாம். அதற்கென்று ஊற்றுகிற மருந்து ஒன்று இருக்கிறது, அது வயரைச் சுற்றி இடுக்கில்லாமல் இறுகும், சிமெண்டு வெடித்துப்போகும் என்றான். கரண்டு வேலை சரியாக இருக்கிறது என்கிற காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணே என்றும் சொல்லிவிட்டான்.

"நீ போடாட்டி என்ன? போடுறதுக்கு அருப்புக்கோட்டையில ஆயிரம் எலக்ட்ரீசியன் இருக்கான்" என்றார் தவசி.

"அண்ணே, எலக்ட்ரீசியன் யாரு வேணும்னாலும் போடலாம். அதுக்குக் கீழ மதினி போடணும்ல."

அதுவரைக்கும் கஞ்சிச் சட்டியைக் கழுவுகிற சாக்கில் கேட்டுக்கொண்டிருந்த கருத்தம்மாள் கழுவுவதை நிறுத்தினாள். அவளுக்கு அவன் சொன்ன விஷயத்தில் பாதி விளங்கவில்லை. ஆனால் பம்பில் கை வைக்கிறவர்கள் என்று அவன் சொன்னதும், யாரோ ஒருத்தருடைய கை அவள் கண்ணுக்குத் தெரியவில்லை, தங்கலட்சுமியின் கைதான் தெரிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, எத்தனை தடவை அந்தக் கை அதைப் பிடிக்கும்? இன்னொரு பக்கம், இன்னும் ஆறே நாளில் மகள் வருகிறாள். திறப்பு தள்ளிப்போனால் எத்தனை மாசமாகுமோ? அதற்குள் அவர்கள் மனசு மாறித் திருப்பூரிலேயே இருந்துவிட்டால்? தன் வாயாலேயே வராதே என்று சொல்ல வேண்டி வருமோ என்று நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாருக்காக என்ன முடிவு எடுப்பது என்று தெரியாமல் கழுவின சட்டியையே திரும்பக் கழுவினாள்.

"தம்பி, பல்பு போட்டுக் காட்டுவீகளா?" என்று கேட்டாள்.

மோட்டார் ரூமில் எர்த்து இருக்கிறதா இல்லையா என்று காட்டுக்காரர்கள் பார்க்கிற முறை அது. ஒரு குண்டு பல்பு, இரண்டு துண்டு வயர். ஒன்றைக் கரண்டில் வைத்து மற்றதை எர்த்தில் வைத்தால், பல்பு பிரகாசமாக எரிந்தால் எர்த்து இருக்கிறது. மீட்டரின் எண் தவசிக்கு எண்தான். பல்பு என்றால் அவருக்குப் பாஷை. அசாருதீன் தயங்கினான். குவைத்தில் இப்படிச் செய்தால் அன்றைக்கே விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்றான். பிறகு, டாங்கியில் ஒரு சொட்டுப் பெட்ரோல் வரவில்லையே, கன்னி டாங்கிதானே என்று ஒத்துக்கொண்டான். ஆனால் யாரும் கிட்ட வரக்கூடாது, நான்தான் பிடிப்பேன் என்றான்.

குண்டு பல்புக்கு எங்கே போவது? இப்போது யார் வீட்டில் இருக்கிறது? கருத்தம்மாள் நடையும் ஓட்டமுமாக வீட்டுக்குப் போய், கோழிக்குஞ்சுக் கூடைக்குள் சூட்டுக்குத் தொங்கவிட்டிருந்த பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

முதலில் ஆபீஸ் பக்கத்தில் அசாருதீன் முறையாகப் போட்டிருந்த எர்த்துப் பட்டையில் வைத்தான். பல்பு கண் கூசுகிற மாதிரி எரிந்தது. தவசி தலையாட்டினார். அடுத்தது, மேடையில் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புக் குழாயில் வைத்தான். பல்புக்குள் இருக்கிற நூல் மட்டும் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். கையால் வெயிலை மறைத்துக் குனிந்து பார்த்தால்தான் அதுவும் தெரிந்தது.

செல்வக்குமார் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். தவசி பல்பையே பார்த்தார். பார்த்துவிட்டு விறுவிறுவென்று போய் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிவந்து, மேடை நடுவில் பம்புக்காகக் கான்கிரீட் போடாமல் விட்டிருந்த குழியில், குழாய் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் ஊற்றினார். கரிசல் வெடிப்பு அத்தனை தண்ணீரையும் மடமடவென்று குடித்தது. கொஞ்ச நேரத்தில் நூலில் வெளிச்சம் கூடி, பல்பு மஞ்சளாக எரிந்தது. தவசிக்கு உயிர் வந்துவிட்டது.

"பாத்தியாய்யா? மண்ணு காஞ்சு கெடக்கு, வேற ஒண்ணுமில்ல. ஈரம் இருந்தா வாங்கத்தான் செய்யும்."

செல்வக்குமாரும், ஆமாண்ணே ஈரம்தான் விஷயம், என்று நிமிர்ந்தான். அசாருதீன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கருத்தம்மாள் பேசிவிட்டாள்.

"இந்த ஈரம் எம்புட்டு நேரத்துக்கு நிக்கும்? நம்ம ஊர்ல கார்த்திகைக்குப் பெறகு ஒரு தூத்தல் உண்டா? பங்குனி, சித்திரையில வெடிப்புக்குள்ள ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கிட்டுக் கத்துது. தெனமும் நீங்க வாளிய தூக்கிக்கிட்டு வருவீகளா? ஒரு நா மறந்துட்டீகன்னா, அன்னைக்குந்தான எம் மக கை வைப்பா?"

கருத்தம்மாள் அசாருதீன் பக்கம் திரும்பினாள். 

"ஒடைங்க தம்பி" என்றாள்.

"யாரக் கேட்டு ஒடைக்கச் சொல்ற?" என்று தவசி திரும்பினார்.

"எம் பேர்லதான இருக்கு. என்னையக் கேட்டுத்தான்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது.  தவசி அவளை ஒரு பார்வை பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், வண்டியை உதைத்தார், திருச்சுழி ரோட்டில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கருத்தம்மாள் இரண்டு போன் பேசினாள். இரண்டும் சுலபமான போன் இல்லை. முதல் போன் மதுரையில் பெட்ரோல் கம்பெனி ஆபீஸில் இருக்கிற அதிகாரியம்மாவுக்கு. இதுவரைக்கும் தவசிதான் அவரோடு பேசுவார். கருத்தம்மாள் பேசுகிறேன் என்றதும் அந்தம்மாவுக்கு முதலில் ஆள் புரியவில்லை, எந்தக் கருத்தம்மாள் என்று கேட்டார். பங்கு என் பேரில்தான் இருக்கிறது என்று சொல்லி, வியாழக்கிழமை அதிகாரி வர வேண்டாம், குழாயை நாங்கள் தப்பாகப் பதித்துவிட்டோம், உடைத்துத் திருத்திவிட்டுச் சொல்கிறோம் என்றாள். நீங்களாகவேவா சொல்கிறீர்கள் என்று அந்தம்மா இரண்டு தடவை கேட்டார். தப்பைத் தாங்களே போன் போட்டுச் சொல்கிற ஆட்களை அந்தம்மா அதிகம் பார்த்திருக்க மாட்டார் போலிருக்கிறது. மறு தேதி கிடைக்க மூன்று வாரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றார். பிறகு தணிந்த குரலில், நல்லது செஞ்சீங்கம்மா என்று சொல்லி வைத்தார்.

இரண்டாவது போன் தங்கலட்சுமிக்கு. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சாப்பிட்டியா, தூங்குனியா என்று சுற்றிச் சுற்றிப் பேசினாள். பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கொஞ்ச நாள் பொறுத்து வாங்கம்மா என்றாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"ஏம்மா, நான் பிடிக்கப் போற பம்ப நல்லா வைக்கிறதுக்குத்தான ஒடைக்கிறீக? அதுக்கு நான் ஏன் இங்க உக்காந்திருக்கணும்? வீட்டுல சாமான் பூராம் கட்டியாச்சு. நாங்க ஞாயித்துக்கெழம வாரோம். கல்லு மண்ணு அள்ள ஆளு வேணும்ல."

போனை வைத்துவிட்டுக் கருத்தம்மாள் அழுதாள். கொட்டகைக்குள் போய், மூட்டைமேல் உட்கார்ந்து, சந்தோஷமாக அழுதாள்.

மறுநாள் காலையில் உடைப்பு ஆரம்பித்தது. அருப்புக்கோட்டையிலிருந்து உடைக்கிற மிஷின் வந்தது. சத்தம் ரெட்டியபட்டி வரைக்கும் கேட்டிருக்கும். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் ஷேர் ஆட்டோவை நிறுத்தி, தெறக்கிறதுக்கு முன்னாடியே இடிக்கிறாங்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். செல்வக்குமார் கூலி வேண்டாம் என்று சொல்லி வந்து நின்றான். கூலிக்கு வந்த சந்தனம்மாள் கல்லைச் சுமந்து கொட்டினாள். தவசி வரவில்லை. முந்தின நாள் ராத்திரி சாப்பிடவும் இல்லை, பேசவும் இல்லை.

பதினோரு மணிக்கு மேல் குழாய் தெரிந்தது. அசாருதீன் மண்ணைக் கையாலேயே விலக்கினான். விலக்கிவிட்டு, மதினி இங்க வாங்க என்றான். பிளாஸ்டிக் குழாயும் இரும்புக் குழாயும் சேர்கிற இடத்தில் சைக்கிள் டியூப் கிழிந்து தொங்கியது. இரண்டு குழாய்க்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி. எட்டே நாளில் கரிசல் காய்ந்து சுருங்கி, இழுத்துப் பிரித்திருக்கிறது. தண்ணீர்க் குழாய் என்றால் ஒழுகும். ஒழுகுவது தெரியும், போய்ச் சுற்றிவிட்டு வரலாம். இது ஒழுகாது, தெரியாது. மழை பெய்தால் இதே மண் ஊதிக்கொண்டு மறுபடி தள்ளும், இப்படியே வருஷா வருஷம் ஆடும் என்றான் அசாருதீன்.

கருத்தம்மாள் நிமிர்ந்து பார்த்தபோது தவசி குழி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவரும் அந்த இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே சட்டையைக் கழற்றி மேடைமேல் வைத்தார். குழிக்குள் இறங்கினார். தன் விரலையே அந்தச் சந்தில் விட்டுப் பார்த்தார். மண் நிரம்பியிருந்தது.

"செல்வக்குமாரு, அந்தக் கடப்பாறைய எடு" என்றார்.

அதற்குப் பிறகு அவரை மேலே ஏற்ற முடியவில்லை. சாயங்காலம் வரைக்கும் குழிதான். எந்தச் சுற்று, எத்தனை மரை, எங்கே இறுக்குவது என்று அசாருதீனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்தார். நாற்பது வருஷப் பேச்சை அன்றைக்கு எடுக்கவே இல்லை. சேர்கிற இடத்தில் முறையான இணைப்பு போட்டு, மண் ஆடினாலும் கொடுத்து வாங்குகிற மாதிரி வளைகிற குழாய்த் துண்டு ஒன்று வைத்து, சுற்றிலும் ஆற்று மணலைப் போட்டார்கள். கொடியில் காய்ந்த வயரை அசாருதீன் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, புதுச் சுருள் வாங்கிவந்து குழாய்க்குள் இழுத்தான். அதன் முனையை இரும்புக் குழாயிலும் பம்பு உடம்பிலும் முடுக்கினான். குழாய் வாயில் மருந்தை ஊற்றி, அது இறுகுகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வண்டி வந்தது. இரண்டு தையல் மிஷின், ஒரு கட்டில், ஏழு மூட்டை, அய்யப்பன், தங்கலட்சுமி. வந்தவள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அன்றைக்கே மண் அள்ளினாள். பிளெக்ஸில் இருந்த தேதிமேல் அய்யப்பன் வெள்ளைக் காகிதம் ஒட்டினான். ரெட்டியபட்டி பஸ் ஸ்டாப்பில் ஒரு மாசம் அந்தப் பிளெக்ஸ் தேதி இல்லாமலே தொங்கியது. கேலி பேசாதவர்கள் பாக்கி இல்லை.

இருபத்திரண்டாம் நாள் அதிகாரி வந்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார், மேடையைச் சுற்றி வந்தார், தளத்தில் நிறம் வேறாகத் தெரிந்த, ஒட்டுப் போட்ட இடத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். கருத்தம்மாள் ஒன்று விடாமல் சொன்னாள். கொடி கட்டினதையும் சொன்னாள். அவர் சிரிக்காமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முதல் பெட்ரோல் லோடு ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. ஊரே ரோட்டோரத்தில் நின்றது. மொபெட்டும் டிராக்டருமாக வரிசை பரளச்சி பக்கம் வளைந்துவிட்டது. லாரி டிரைவருக்கு அடுத்த லோடு கமுதிக்குப் போக வேண்டுமாம், பறந்துகொண்டிருந்தான். இறங்கினதும் குழாயை இழுத்து டாங்கி வாயில் மாட்டப் போனான். லாரி உடம்பில் சேர்ந்திருக்கிற கரண்டை இறக்க எர்த்துக் கம்பியின் கவ்வியை அதில் மாட்டாமல் வால்வைத் திறக்கக்கூடாது என்று அசாருதீன் பத்துத் தடவை சொல்லிவைத்திருந்தான். கருத்தம்மாள் முன்னால் போய், மொதல்ல இத மாட்டுங்க தம்பி, என்று கவ்வியை நீட்டினாள்.

டிரைவர் அதை வாங்கவில்லை. அவளைத் தாண்டி, வெள்ளைச் சட்டை போட்டு நின்ற தவசியைப் பார்த்தான்.

"மொதலாளி, ரெண்டு நிமிஷ வேல. எனக்கு நேரமாச்சு. அந்தம்மாட்டச் சொல்லுங்க."

கூட்டம் தவசியைப் பார்த்தது. பம்புக்குப் பக்கத்தில் புதுச் சட்டையோடு நின்ற தங்கலட்சுமியும் பார்த்தாள். தவசி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மொதலாளி நான் இல்ல தம்பி. அவுகதான்" என்றார். "அவுக சொன்னா சொன்னதுதான், எனக்கும் சேத்து. மாட்டு."

அவர் தன் பெண்டாட்டியை அவுக என்று மரியாதையாகச் சொல்லி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவளே கேட்டதில்லை. தங்கலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அம்மா முகத்தைப் பார்த்தாள். கருத்தம்மாளுக்கு நெஞ்சு நிறைந்து காது வரைக்கும் சூடேறியது. காதில் விழாத மாதிரி நின்றாள்.

டிரைவர் வாங்கி மாட்டினான். அவள் குனிந்து, கவ்வி பிடித்திருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு திறக்கச் சொன்னாள்.